அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய குதிரைக்குக் காய்ச்சல், மூக்கில் சளி: மற்ற குதிரைகளிடமிருந்து எப்படிப் பிரித்து வைப்பது?

பவானிக்கரை எழுதியது:

வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைச் சந்தையில் ஒரு கத்தியவார் பெண் குதிரை வாங்கினோம். நாலு வயது என்றார்கள், பல்லைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது. வண்டியிலிருந்து இறங்கும்போது துடிப்பாகத்தான் இருந்தது. ஒரு வாரம் போனதும் வைத்த கொள்ளை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அப்புறம் மூக்கில் தண்ணீராக ஒழுக ஆரம்பித்து, இன்று காலை இரண்டு பக்கமும் மஞ்சளாகக் கெட்டியாக வருகிறது. தாடைக்கு அடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம், சூடாக இருக்கிறது, தொட்டால் தலையைத் தூக்கிக்கொள்கிறது. புல்லை மென்று மென்று, விழுங்க முடியாமல் ஈர உருண்டையாகக் கீழே போட்டுவிடுகிறது. காய்ச்சல் 103.6 டிகிரி பாரன்ஹீட்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு மார்வாரிக் குதிரை, பிள்ளைகள் ஏறுவதற்கு ஒரு மட்டக்குதிரை. மூன்றும் ஒரே ஓட்டுக் கொட்டகையில்தான் நிற்கின்றன, வந்த நாளிலிருந்து ஒரே சிமெண்ட் தொட்டியில்தான் தண்ணீர் குடிக்கின்றன. மூன்றையும் பார்த்துக்கொள்வது ஒரே ஆள், அவர் காலையில் பக்கத்துத் தோட்டத்துக் குதிரைகளுக்கும் தேய்ப்பு வேலைக்குப் போகிறார். தோட்டத்தின் கடைசியில் பம்ப்செட் ரூமை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை காலியாக இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கட்டலாமா? மருந்துக்கடையில் பென்சிலின் ஊசி கொடுத்திருக்கிறார்கள், இன்றே போட்டுவிடலாமா? அப்பா இது வெறும் சளி, மிளகுக் கஷாயம் போதும் என்கிறார். மச்சான், மார்வாரியை மட்டும் உடனே தன் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுகிறேன், அதாவது தப்பட்டும் என்கிறார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் மார்வாரிக்கு மாப்பிள்ளை ஊர்வலமும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். எதை முதலில் செய்வது என்றே புரியவில்லை.

பொள்ளாச்சி லாயம் எழுதியது:

தம்பி, முதலில் மச்சானைத் தடுத்து நிறுத்துங்கள். மார்வாரி எங்கேயும் போகக் கூடாது. நல்லா இருக்கிறதே என்று அனுப்பி வைக்கிற குதிரைதான் இந்த நோயை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒரே தொட்டியில் குடித்திருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் மார்வாரிக்கும் மட்டக்குதிரைக்கும் உள்ளே ஏறியிருக்கலாம், இன்னும் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

குதிரைகளை மூன்று கூட்டமாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். நோய் தெரிகிற குதிரை சிவப்பு. அதோடு ஒன்றாக நின்றது, குடித்தது எல்லாம் மஞ்சள். எந்தத் தொடர்பும் இல்லாதது பச்சை. உங்கள் தோட்டத்தில் பச்சையே கிடையாது, புதுக்குதிரை சிவப்பு, மற்ற இரண்டும் மஞ்சள். பச்சை என்று இருப்பது பக்கத்துத் தோட்டத்துக் குதிரைகள்தான், உங்கள் ஆள் தினமும் போய்வருவதால் அதுவும் சந்தேகம். இன்றைக்கே அவரிடம் பேசி அந்தத் தேய்ப்பு வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், அவருக்குக் குறைகிற கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மனுஷன் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாள் போகத்தான் செய்வார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பம்ப்செட் பக்கத்துக் கொட்டகை நல்ல இடம்தான். மற்றவற்றிலிருந்து 25 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், இன்னும் தூரம் கிடைத்தால் நல்லது. காற்று அங்கிருந்து இந்தப் பக்கம் அடிக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டிக்கொண்டு போகும்போது மற்ற இரண்டின் முகத்துக்கு நேராக நடத்தாமல் கொட்டகையின் பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். அங்கே போகிற வாளி, கயிறு, கடிவாளம், தேய்க்கிற பிரஷ், லத்தி அள்ளுகிற கூடை எதுவும் திரும்பி வரக் கூடாது. வாளிக்குச் சிவப்பு பெயின்ட் ஒரு கோடு அடித்துவிட்டால் வீட்டில் யாரும் குழம்ப மாட்டார்கள். ரொம்பப் பேர் கோட்டைவிடுவது தண்ணீர்க் குழாயில்தான். ஒரே ஓஸ் பைப்பை இந்த வாளிக்குள் முக்கி நிரப்பிவிட்டு, அடுத்த வாளிக்குள்ளும் முக்குவார்கள். பைப் நுனி தண்ணீரில் படாமல் மேலே பிடித்து நிரப்பச் சொல்லுங்கள்.

முடிந்தால் அப்பா நோய்க்குதிரையை மட்டும் பார்க்கட்டும், ஆள் மற்ற இரண்டையும் மட்டும் பார்க்கட்டும். ஒரே ஆள்தான் என்றால் நல்ல குதிரைகளின் வேலை எல்லாம் முடித்து, கடைசியாக நோய்க்குதிரையிடம் போக வேண்டும், முடித்ததும் குளித்து வேட்டி சட்டை மாற்றாமல் இந்தப் பக்கம் வரக் கூடாது. ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் ஒரு பழைய முழுக்கைச் சட்டையும் அங்கேயே ஆணியில் தொங்கட்டும். மாடு இருந்தால் மாட்டுக்கு இந்தச் சளி பெரும்பாலும் வராது, ஆனால் மாட்டைக் கட்டிய கயிறும் பால் கறந்த கையும் கிருமியை எடுத்துக்கொண்டு போகும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

சுண்ணாம்பையும் பிளீச்சிங் பவுடரையும் அழுக்கு மேலேயே தூவிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. லத்தியும் சளியும் ஒட்டியிருக்கிற இடத்தில் பிளீச்சிங் வேலை செய்யாது. முதலில் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, அதற்கு மேல்தான் மருந்துத் தண்ணீர். அந்த சிமெண்ட் தொட்டியை இன்றே காலி செய்து இப்படிக் கழுவுங்கள்.

நாமக்கல் கால்நடை எழுதியது:

நான் கால்நடை மருத்துவர். நேரில் பார்க்காமல் இன்னதுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் மனதில் வருவது ஸ்ட்ராங்கிள்ஸ். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வை என்ற பாக்டீரியாவால் வருவது, சந்தையில் கலந்து நின்ற குதிரைகளிடம் அடிக்கடி பார்க்கலாம். கிருமி ஏறியதிலிருந்து 3 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல், சளி, தாடைக்கு அடியில் நெறிக்கட்டி என்று வரிசையாக வரும். உங்கள் கணக்கு அதோடு ஒத்துப்போகிறது. குதிரைக் காய்ச்சல் என்கிற இன்ஃப்ளூயன்சா என்றால் ஒன்று முதல் மூன்று நாளிலேயே தெரிந்துவிடும், வறட்டு இருமல்தான் அதில் பெரிதாக இருக்கும், காற்றிலேயே வேகமாகப் பரவும். 2008-இல் ஜம்முவில் கட்ராவில் ஆரம்பித்துப் பல மாநிலங்களுக்குப் போனது அதுதான்.

ஆனால் நான் பயப்படுவது மூன்றாவதற்கு. கிளாண்டர்ஸ். அதுவும் மூக்கில் கெட்டிச் சளி, தாடை நெறிக்கட்டி என்றுதான் ஆரம்பிக்கலாம். மூக்கின் உள்சுவரில் புண், கால் தொடையில் வரிசையாகக் கட்டிகள் கிளம்பி உடைந்து பசைபோல வடிவது இருந்தால் சந்தேகம் கூடும். இது மனிதருக்கும் வரும், கையில் சிறு கீறல் இருந்தாலே போதும், சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும். வாய்ப்பு குறைவு என்றாலும் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிகிற வரை வெறும் கையால் அந்தச் சளியை யாரும் துடைக்கக் கூடாது. கையுறை, முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. பிள்ளைகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பென்சிலினை இப்போது போடாதீர்கள். கட்டி உருண்டு வந்துவிட்ட பிறகு போட்டால் அது பழுப்பதைத் தள்ளிப்போடும், நிறுத்தியதும் மறுபடி கிளம்பும். மாதிரி எடுப்பதற்கு முன்பு போட்டுவிட்டால் கிருமி வளர்ப்புச் சோதனையும் குழம்பிவிடும். போட வேண்டிய நிலை உண்டு. தொண்டைக்குள் வீங்கி மூச்சு இழுக்கும்போது கர்ர் என்று சத்தம் கேட்டாலோ, தண்ணீர் குடித்தது மூக்கு வழியே திரும்பி வந்தாலோ அது அவசரம், நடுராத்திரி என்றாலும் மருத்துவரை அழையுங்கள். சில குதிரைக்குக் கழுத்தில் துளை போட்டு மூச்சு விட வைக்க வேண்டியிருக்கும். மருந்துக்கடைக்காரர் இதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய முடியாது.

இன்றே உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், போக முடியாவிட்டால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். மூக்கிலிருந்து ஸ்வாப், அதாவது பஞ்சுக் குச்சியில் சளி மாதிரி, ரத்தத்திலிருந்து சீரம் என்கிற தெளிநீர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கிளாண்டர்ஸுக்கான சீரம் ஹரியானாவில் ஹிசாரில் இருக்கும் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்துக்குப் போகும். 2009-ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி கிளாண்டர்ஸ் சந்தேகம் என்றால் உரிமையாளரே தெரிவிக்க வேண்டும், மறைப்பது குற்றம்.

இனி முக்கியமான ஒன்று. மார்வாரிக்கும் மட்டக்குதிரைக்கும் காலை மாலை இரண்டு வேளையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து எழுதி வையுங்கள். குதிரைக்கொரு தெர்மாமீட்டர், நூல் கட்டி வாலில் கிளிப் போட்டுவிட்டால் உள்ளே போகாது, பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். 99 முதல் 101 வரை இயல்பு. 101.5 தாண்டினால் பிரித்துவிடுங்கள். ஸ்ட்ராங்கிள்ஸில் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மூக்கு வழியாகக் கிருமி கொட்ட ஆரம்பிக்கும். அந்த இடைவெளியில் பிரித்துவிட்டால் அந்தக் குதிரையால் அடுத்ததற்குப் பரவாது. மூக்கு ஒழுகட்டும், பார்க்கலாம் என்று இருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

பவானிக்கரை எழுதியது:

டாக்டர், அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. குதிரையை பம்ப்செட் பக்கம் மாற்றியாகிவிட்டது, அப்பாதான் பார்க்கிறார், கஷாயம் பேச்சை விட்டுவிட்டார். அரசு டாக்டர் வந்து ஸ்வாப்பும் ரத்தமும் எடுத்துப் போனார், மூக்கின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார், புண் எதுவும் இல்லை, கட்டி கால்களிலும் இல்லை என்றார். மார்வாரி 100.2. மட்டக்குதிரைக்குக் காலையில் 100.8 இருந்தது, மாலையில் 102.4. மூக்கு சுத்தமாக இருக்கிறது, கொள்ளும் தின்கிறது, பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. இதையும் நோய்க்குதிரையோடு சேர்த்துக் கட்டிவிடலாமா? ஊர்வலக்காரர்களுக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

நாமக்கல் கால்நடை எழுதியது:

சேர்த்துக் கட்டாதீர்கள். மட்டக்குதிரைக்கு வந்திருப்பது அதே நோய்தான் என்று இன்னும் உறுதியாகவில்லை. மார்வாரியிடமிருந்தும் புதுக்குதிரையிடமிருந்தும் தள்ளி, மூக்கோடு மூக்கு படாத தூரத்தில், தனி வாளியோடு வையுங்கள். வேலை வரிசை மார்வாரி, மட்டக்குதிரை, கடைசியில் புதுக்குதிரை. மட்டக்குதிரைக்குக் கட்டி இன்னும் வரவில்லை என்பதால் இந்தக் கட்டத்தில் மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பது வேறு கணக்கு, ஆரம்பத்திலேயே மருந்தால் அடக்கினால் உடம்பில் எதிர்ப்பு சக்தி சரியாக உருவாகாமல் மறுபடி வரலாம். பார்த்த மருத்துவரிடமே இந்த அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

புதுக்குதிரைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், கட்டி பழுத்துத் தானாக உடைந்தால் நல்லது, பழுக்காமல் யாரும் கத்தி வைக்க வேண்டாம். கொள்ளைக் குழைய வேகவைத்து, தவிட்டை ஈரமாகப் பிசைந்து, தரையோடு தரையாக வையுங்கள், தலை குனிந்து தின்றால் சளி வடியும். உடைந்து வருகிற சீழ்தான் கிருமி மூட்டை. துடைத்த பஞ்சைக் குழியில் போட்டு எரித்துவிடுங்கள்.

சிட்னி குதிரைப்பண்ணை எழுதியது:

நான் இங்கே ஒரு பண்ணையில் வேலை செய்கிறேன். 2007 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்குள் குதிரை இன்ஃப்ளூயன்சா நுழைந்த கதையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். அதுவரை இந்த நாட்டில் அந்த நோயே கிடையாது. ஜப்பானிலிருந்து விமானத்தில் வந்த பந்தயக் குதிரைகள் சிட்னியை ஒட்டிய ஈஸ்டர்ன் கிரீக் அரசுத் தனிமை நிலையத்தில் இருந்தன. வேலி, காவல், பூட்டு எல்லாம் இருந்த இடம். அங்கிருந்தே கிருமி வெளியே வந்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் 9,000-க்கும் மேற்பட்ட இடங்களுக்குப் பரவி, குதிரைகளை இடம் மாற்றவே தடை போட்டார்கள். பந்தயம் நின்றது, லாடம் அடிப்பவர்களிலிருந்து வைக்கோல் விற்பவர்கள் வரை வருமானம் இல்லாமல் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பருக்குள் அடக்கினார்கள்.

விசாரணை நடத்திய முன்னாள் நீதிபதி இயன் காலினன் சொன்னது, குதிரை வேலியைத் தாண்டவில்லை என்பதுதான். உள்ளே போய்வந்த ஆளின் உடம்பிலோ உடையிலோ, கொண்டுபோன கருவியிலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம், வெளியே வரும்போது சுத்தம் செய்கிற ஏற்பாடு சரியாக இல்லை என்றார். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் கை கழுவவும் பூட்ஸ் கழுவவும் இடம் இல்லையென்றால் 25 மீட்டர் தூரத்தால் ஒரு பயனும் இல்லை. ஒரு டிரம் தண்ணீர், சோப்பு, ஒரு பிரஷ், இன்றைக்கே வைத்துவிடுங்கள். லாடக்காரர் வருகிற தேதி இருந்தால் தள்ளிப்போடுங்கள், அவர் பையில் இருக்கிற அரம் ஒரே நாளில் ஏழெட்டு இடத்துக்குப் போகும்.

மெரினா வாடகைக் குதிரை எழுதியது:

அண்ணா, நானும் வாடகைக்குக் குதிரை ஓட்டிப் பிழைக்கிறவன்தான், அதனால் ஊர்வலத்தைப் பற்றி நான் சொல்கிறேன். மார்வாரிக்குக் காய்ச்சல் இல்லை என்பதால் ஓட்டிப் போய்விடலாம் என்று தோன்றும், அட்வான்ஸ் கை நீட்டி வாங்கியாகிவிட்டது, அதில் பாதி தீவனத்துக்குப் போயிருக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் போகாதீர்கள். கல்யாணத்துக்கு நாலு ஊரிலிருந்து வண்டிக் குதிரை வரும், ஒரே மண்டப வாசலில் கட்டுவார்கள், ஒரே டேங்கில் தண்ணீர் காட்டுவார்கள். இன்றைக்கே பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் போன் போட்டு உண்மையைச் சொல்லி, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, முடிந்தால் இந்தத் தொந்தரவு எதுவும் இல்லாத வேறு குதிரைக்காரரை நீங்களே பேசிவிடுங்கள். நாளைக்கு இந்த ஊரில் குதிரை வேண்டுமென்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அதே மாதிரி விற்றவருக்கும் சொல்லுங்கள். சண்டை போடுவதற்கு இல்லை. அந்தக் குதிரையோடு அதே லாரியில் வந்த மற்ற குதிரைகள் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று அவருக்குத்தான் தெரியும், அவர்களும் தெர்மாமீட்டர் வைக்கட்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கோபித்துக்கொள்வாரே என்று தயங்க வேண்டாம், குட்டி போடப் போகிற குதிரை அவரிடம் இருந்தால் அவருக்கு உங்கள் போன் எவ்வளவு பெரிய உதவி என்று யோசியுங்கள்.

எங்கள் ஆட்கள் டாக்டரைக் கூப்பிடவே பயப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அரசாங்கத்துக்குத் தெரிந்தால் குதிரையைக் கொன்றுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. டாக்டர், இதை நீங்களே தெளிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.

நாமக்கல் கால்நடை எழுதியது:

சரியாகக் கேட்டீர்கள். ஸ்ட்ராங்கிள்ஸுக்கோ இன்ஃப்ளூயன்சாவுக்கோ குதிரையைக் கொல்வதில்லை, பெரும்பாலானவை பிழைத்துவிடும், ஸ்ட்ராங்கிள்ஸில் பிழைத்தவற்றில் முக்கால்வாசிக்கு வருஷக்கணக்கில் எதிர்ப்பு சக்தியும் இருக்கும். கிளாண்டர்ஸ் உறுதியானால் மட்டும்தான் கருணைக்கொலை, ஆழக் குழி, சுண்ணாம்பு. அதற்கு அரசு இழப்பீடும் உண்டு. கிளாண்டர்ஸுக்குத் தடுப்பூசி கிடையாது, மருந்து கொடுத்து வைத்திருந்தால் வெளியே ஆறின மாதிரி தெரிந்து உள்ளே தங்கிவிடும், பிறகு அந்த வீட்டுப் பிள்ளைக்கு வரும். அந்த முடிவு எனக்கும் வலிக்கிற முடிவுதான், அதைச் செய்ய வேண்டிய நாளில் எந்த மருத்துவரும் சாதாரணமாக வீட்டுக்குப் போக மாட்டார். ஆனால் அதற்குப் பயந்து ஸ்ட்ராங்கிள்ஸ் குதிரைகளையும் மறைத்து வைத்தால் சந்தைக்குச் சந்தை நோய் போய்க்கொண்டே இருக்கும்.

பவானிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் ஒரு தகவல். கிளாண்டர்ஸ் இல்லை என்று முடிவு வந்துவிட்டது, ஸ்வாப்பில் ஸ்ட்ராங்கிள்ஸ் என்றே வந்திருக்கிறது. புதுக்குதிரைக்குக் கட்டி உடைந்து, அன்று சாயங்காலமே வாயில் புல் வைத்தது, விழுங்கியதைப் பார்த்து அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மட்டக்குதிரைக்கும் சின்னதாகக் கட்டி வந்து ஆறிக்கொண்டிருக்கிறது. மார்வாரி தப்பிவிட்டது, இன்று வரை 101-ஐத் தாண்டவே இல்லை. ஊர்வலத்துக்கு வேறு குதிரை பேசிக் கொடுத்தோம், கோபப்படவில்லை. பக்கத்துத் தோட்டத்திலும் எதற்கும் காய்ச்சல் இல்லை. சளி நின்று ஒரு வாரம் ஆகிறது, மூன்றையும் பழையபடி ஒன்றாகக் கட்டலாமா?

நாமக்கல் கால்நடை எழுதியது:

இன்னும் வேண்டாம். குதிரைக்குத் தொண்டைக்கு மேலே இரண்டு பக்கமும் காற்றுப் பை மாதிரி இரண்டு அறைகள் உண்டு. கட்டி சில சமயம் வெளியே உடையாமல் உள்ளே அந்த அறைக்குள் உடையும், சீழ் அங்கேயே காய்ந்து சிறு கற்களாகத் தங்கிவிடும். அப்படி ஒரு குதிரை மினுமினுவென்று ஆரோக்கியமாக நின்றுகொண்டு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் கிருமியை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். பத்தில் ஒன்று வரை இப்படி ஆகலாம். சந்தையில் உங்கள் குதிரைக்குக் கொடுத்ததும் அப்படி ஒன்றாக இருந்திருக்கலாம்.

அதனால் சளி நின்று குறைந்தது மூன்று வாரம் கழித்து, வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை மூக்கு கழுவிய நீரைச் சோதித்து மூன்றும் நெகட்டிவ் வர வேண்டும், அல்லது நாமக்கல்லிலோ சென்னை வேப்பேரியிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் எண்டோஸ்கோப் என்கிற கேமராக் குழாய் வைத்து அந்த அறைகளைப் பார்க்க வசதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். மட்டக்குதிரைக்கும் இதே சோதனை. இரண்டுக்கும் கால் வீங்கினாலோ, தோலில் தடிப்பு, ஈறில் சிவப்புப் புள்ளி வந்தாலோ உடனே சொல்லுங்கள், ஆறின பிறகு சில வாரம் கழித்து ரத்தக் குழாயைப் பாதிக்கிற சிக்கல் ஒன்று வரும்.

கிருமி வெயில் பட்ட காய்ந்த இடத்தில் சில நாளில் செத்துவிடும், ஈரமும் நிழலும் இருக்கிற வாளியிலும் தொட்டியிலும் வாரக்கணக்கில் இருக்கும். பம்ப்செட் கொட்டகையின் மரத் தீவனப் பெட்டி விரிசல் விட்டிருந்தால் அதைக் கழுவ மெனக்கெடாமல் எரித்துவிடுங்கள். லத்தியை வயலில் இறைக்காமல் குவித்து மூடிப் போட்டு வேகவிடுங்கள். அடுத்த முறை எந்தச் சந்தையில் வாங்கினாலும் மூன்று வாரம் அந்தத் தகரக் கொட்டகையில் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே ஓட்ட வேண்டும், அதற்காகவே அதை அப்படியே காலியாக வைத்திருங்கள்.